ஐந்து ஐம்பத்தைந்துக்கு இரண்டு வண்டி

அன்று ஊரில் பாதிப் பேர் பேருந்து நிலையத்தில் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லை. மாலை ஆறு மணிக்கு நிலையத்தை மூடுகிறார்கள், அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புறவழிச் சாலையில் கட்டியிருக்கும் புது நிலையம் மறுநாள் காலை திறக்கிறது. பழைய நிலையத்தின் வாசலில் மண் அள்ளும் இயந்திரம் ஒன்று மதியத்திலிருந்தே வந்து நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நீண்டது.

நாற்பத்தொரு வருஷம் ஓடிய நிலையம். அதற்கு முன்னால் அந்த இடம் விறகு மண்டி. எட்டு வண்டி நிற்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். கடைசி வருஷத்தில் ஒரு நாளைக்கு இருநூற்று முப்பத்தாறு முறை வண்டிகள் வந்து போயின. சதுரமாகக் கட்டிய தூண்கள், வண்டிகள் உரசி உரசி, இடுப்பு உயரத்தில் உருண்டையாகிவிட்டன. மேலே ஒரு மாடி கட்டுவதற்காக நீட்டி விட்ட கம்பிகள் முப்பது வருஷமாக நீட்டிக்கொண்டே இருக்கின்றன. உயரமான வண்டிகள் வந்தபோது வாசல் வளைவு இடித்தது. வளைவைத் திறந்து வைத்த பெரிய மனிதரின் பெயர் அதில் செதுக்கியிருந்ததால் அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் வளைவை விட்டுவிட்டுத் தரையைத் தோண்டினார்கள். அன்றிலிருந்து நிலையத்தின் நடுவிலிருந்து வாசல் வரை ஒரே சரிவு. மழை பெய்தால் வளைவுக்கடியில் முழங்கால் தண்ணீர்.

நிலையத்தின் நடுவில், ஆறடிக்கு எட்டடியில், மூன்று பக்கமும் கம்பி வலை போட்ட அறை ஒன்று. டைம் கீப்பரின் அறை. அதற்குள் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு ஒரே வேலைதான்: கிளம்பத் துடிக்கும் வண்டியைக் கிளம்பவிடாமல் பிடித்து வைப்பது. ஒரு நிமிஷம் முன்னால் போனால் வழியில் நிற்கும் கூட்டத்தை எல்லாம் அள்ளிக்கொள்ளலாம் என்று ஓட்டுநர்கள் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே நிற்பார்கள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். “இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு” என்பார். கையெழுத்துப் போட மாட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் வாசலில் இருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. இதனால் அவருக்கு நிமிஷக்கா என்று பெயர் வந்தது. மேலாளரே ஒருமுறை தொலைபேசியில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இருமிச் சமாளித்தார்.

நிலையம் மூடுவதில் நிமிஷக்காவுக்கு வருத்தம் ஏதும் இல்லை. சொல்லப்போனால் ஒரு வாரமாகத் தூக்கமே சரியாக வரவில்லை, அவ்வளவு குதூகலம். புது நிலையத்தின் இரண்டாம் மாடியில் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். பதினாறு திரைகள். எந்த வண்டி எங்கே வருகிறது என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். போன வாரம் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனபோது, மற்றவர்கள் கழிப்பறைக் குழாய்களைத் திருகிப் பார்க்கப் போன நேரத்தில், அவர் அந்த அறையின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்தார்.

அந்த நாற்காலிக்கு மூன்று பேர் போட்டி. அன்று காலை மேலாளர் தொலைபேசியில் உடைத்துச் சொல்லிவிட்டார்.

“இங்க பாரும்மா. இன்னிக்குக் கடைசி வண்டி வரைக்கும் நீ சிவப்பு மை இல்லாம அனுப்பிட்டேன்னா, ராத்திரியே உன் பேரை எழுதி மேல அனுப்பிடறேன். ஒரு சிவப்புக் கோடு விழுந்தாலும் என்னால பேச முடியாது. அப்புறம் பணிமனை ஸ்டோர்ஸ்தான். நட்டும் போல்ட்டும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

பதிவேட்டில் சிவப்பு மை மூன்று காரணத்துக்கு விழும். வண்டி ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாமதமாகப் போனால். போகாமலே நின்றுவிட்டால். போயும், டிக்கெட் எடுத்த ஆள் ஒருவர்கூட இல்லாமல் காலியாகப் போனால். மூன்றும் ஒன்றுதான், ஓடாத வண்டிதான் என்பது நிர்வாகத்தின் தீர்ப்பு.

மதியம் மூன்று மணி வரை பதிவேடு நீலமாகவே இருந்தது. அதன் பிறகு அவருடைய குடும்பம் உள்ளே வந்தது.

அந்தக் கதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வழக்கமாக மாலையில் வடக்கு வண்டி ஐந்து ஐம்பத்தைந்துக்கும் தெற்கு வண்டி ஆறு ஐந்துக்கும் கிளம்பும். ஆறு மணிக்கு மூடுவதால், ஆறு ஐந்து வண்டியையும் ஐந்து ஐம்பத்தைந்துக்கு இழுத்து வைத்து ஒரு காகிதம் அனுப்பினார்கள். ஆகக் கடைசி நேரத்துக்கு இரண்டு வண்டி. எது கடைசி என்று காகிதத்தில் இல்லை. ஆனால் வேறொரு காகிதத்தில், பழைய நிலையத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் வண்டியே மறுநாள் புது நிலையத்துக்குள் முதலில் நுழையும், அதன் ஓட்டுநருக்கு மாலையும் பத்திரிகையில் படமும் உண்டு என்று இருந்தது.

வடக்கு வண்டியை ஓட்டுகிறவர் நிமிஷக்காவின் அண்ணன். தெற்கு வண்டியை ஓட்டுகிறவர் அவருடைய வீட்டுக்காரர்.

அண்ணனுக்கு நிதானம் என்று பட்டப்பெயர். எந்த வேகத்தடையையும் அவர் தூங்கும் குழந்தையைத் தாண்டுவதுபோலத்தான் தாண்டுவார். வீட்டுக்காரருக்கு ஜிகினா என்று பெயர். அவர் வண்டியின் கண்ணாடியில் ஜரிகைத் தோரணம் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அன்று அதோடு நில்லாமல், மேலிருந்து கீழ்வரை நானூறு சீரியல் பல்பு கட்டி, பாட்டுப்பெட்டியை அலறவிட்டுக்கொண்டு, நடமாடும் கல்யாண வீடுபோல நான்கரை மணிக்கு உள்ளே நுழைந்தார்.

அதற்கு முன்பே, மூன்று மணிக்கே, நிதானம் வந்து நிலையத்தின் கடைக்கோடி மூலையில் வண்டியைப் பின்னோக்கிச் செருகி, சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்திவிட்டிருந்தார். எல்லாரும் போன பிறகுதான் அந்த மூலையிலிருந்து வெளியே வர முடியும். ஜிகினா இதைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் வண்டியை மூலைக்கு நேர் எதிரே, அண்ணன் வண்டியின் மூக்கை அடைத்தாற்போல நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்து இறங்கினார்.

“மச்சான், உள்ள சிக்கிக்கிட்டீங்களா?” என்றார். “பேசி முடிப்போம். நீங்க முதல்ல கிளம்பறதா ஒத்துக்கங்க, நான் வழி விடறேன்.”

நிதானம் சன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சிரித்தார். “மாப்பிள்ளை, நீங்க வழிய அடைச்சிக்கிட்டு நின்னா, நீங்க போனாத்தானே நான் போக முடியும்? அப்ப யாரு கடைசி?”

ஜிகினாவின் முகத்தில் அது மெல்ல இறங்குவதைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

மாடியில் அறிவிப்பு அறை. அங்கிருக்கும் மைக்காரர் காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தார். இருந்தாலும் இப்படியொரு வாய்ப்பை விடவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வடக்கே போற மச்சானும் தெற்கே போற மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் வழியனுப்பி வைக்கிறதுல மும்முரமா இருக்காங்க. இருபத்திரண்டு வருஷமா முதல்ல போகணும்னு அடிச்சுக்கிட்டவங்க, இன்னிக்குப் பின்னால போக அடிச்சுக்கிறாங்க.”

கூட்டம் கைதட்டியது. இரண்டு வண்டியிலும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. கடைசி வண்டியின் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அண்டை ஊரிலிருந்து மெனக்கெட்டு வந்தவர்களும் இருந்தார்கள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஆரன் அடித்துக்கொண்டு வளைவைத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் நிமிஷக்கா நீல மையில் கையெழுத்துப் போட்டார். ஐந்து முப்பத்தைந்துக்கு நிலையத்தில் மிஞ்சியது அந்த இரண்டும்தான்.

அவர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறையை விட்டு இறங்கி வந்தார். வேலை நேரத்தில் அவர் அப்படி இறங்கி வந்து யாரும் பார்த்ததில்லை. கூட்டம் வழிவிட்டது.

“ஏங்க,” என்றார் வீட்டுக்காரரைப் பார்த்து, “வண்டிய எடுங்க.”

“மணி இன்னும் ஆகலையே. நிமிஷக்கா மேடம் சட்டம் தெரியாதவங்களா?”

“ஐம்பத்தஞ்சுக்கு அந்தக் கோட்டைத் தாண்டணும்னா இப்பவே நகர்த்தி வாசல்ல நிறுத்தணும். நீங்கதான் முன்னால நிக்கிறீங்க. நீங்கதான் முதல்ல.”

“அண்ணனுக்குப் பரிஞ்சு பேசறியா?”

“என் நாற்காலிக்குப் பரிஞ்சு பேசறேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு சிவப்பு மை விழுந்தா நாளைலேர்ந்து நான் போல்ட்டு எண்ணணும். ஆயுசு முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுல அதைப் பத்தியே பேசுவேன். யோசிச்சுக்கங்க.”

ஜிகினா யோசித்தார். அதிக நேரம் ஆகவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். “மச்சான், போட்டோவுல நல்லாச் சிரிங்க!” என்று கத்திவிட்டுச் சாவியைத் திருகினார்.

டிக்.

அவ்வளவுதான். மறுபடி திருகினார். டிக்.

கூட்டம் ஓவென்று சிரித்தது. “நடிப்பு பிரமாதம்!” என்று யாரோ விசில் அடித்தார்கள். நிதானம் இறங்கியே வந்துவிட்டார். “மாப்பிள்ளை, இந்த விளையாட்டெல்லாம் என்கிட்ட வேண்டாம்.”

“இல்ல மச்சான், நிஜமாவே எடுக்கல.”

“போன வருஷம் கால் சுளுக்குன்னு சொல்லி என்னை அரிசி மூட்டை தூக்க வச்சீங்களே, அதுவும் நிஜம்தானா?”

“அது வேற மச்சான். இது சத்தியமா...”

நிமிஷக்காவும் நம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏங்க, போதும்” என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நின்றார். அவர் கண் வண்டியின் நெற்றியில் இருந்தது. நான்கரைக்குக் கண்ணைக் கூசவைத்த நானூறு பல்பும், சாகப்போகும் தீக்குச்சியின் நுனிபோலச் சிவந்து கிடந்தன. பாட்டுப்பெட்டியில் பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாக விளக்கும் பாட்டும் பாட்டரியை உறிஞ்சிக் குடித்திருக்கின்றன.

“நடிக்கல,” என்றார். “பாட்டரி செத்துப்போச்சு.”

சிரிப்பு நின்றது. மணி ஐந்து நாற்பத்தைந்து.

“மச்சான் பாட்டரியிலேர்ந்து ஒயர் போடலாம்” என்றார் ஜிகினா, அவசரமாக.

நிதானம் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பாட்டரிப் பெட்டி இருந்த பக்கத்தைத்தான் அவர் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். அதைத் திறக்க உள்ளங்கை நுழையும் இடம்கூட இல்லை. பணிமனையின் பழுது வண்டி புது நிலையத்தில் பூ கட்டிக்கொண்டு நிற்கிறது. வாசலில் இயந்திரத்தின் ஓட்டுநர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டார்.

நிமிஷக்கா சரிவைப் பார்த்தார். வண்டியின் மூக்கு ஓரளவு வாசலைப் பார்த்தபடிதான் இருந்தது. சரிவு தொடங்கும் இடம் வரை இருபது அடி மேடு. அந்த இருபது அடிதான் வேலை.

“தள்ளுங்க!” என்று கத்தினார். அவர் குரல் அவ்வளவு உயரும் என்று அவருக்கே தெரியாது. “எல்லாரும் இறங்கித் தள்ளுங்க! ரெண்டு வண்டி ஆளுங்களும்!”

மாடியிலிருந்து ஒலிபெருக்கி அதைப் பிடித்துக்கொண்டது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு! கை உள்ளவங்க எல்லாம் கை குடுங்க! தெற்கே போற வண்டியை நாமதான் தெற்கே அனுப்பணும்!”

இறங்கினார்கள். தெற்கு வண்டியிலிருந்து, வடக்கு வண்டியிலிருந்து, தூணுக்குத் தூண் சாய்ந்து வேடிக்கை பார்த்தவர்களிலிருந்து. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோளைக் கொடுத்தார். மருத்துவமனை உடுப்பில் இருந்த இரண்டு செவிலியர்கள் பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே கையை ஊன்றினார்கள். நிதானமும் வந்தார். மாப்பிள்ளையின் வண்டிப் பின்புறத்தில் அவர் நெற்றி ஒட்டியிருந்ததைப் பார்த்து நாலு பேர் மறுபடி சிரித்தார்கள். வடக்கு வண்டியின் கண்டக்டர் மட்டும் வரவில்லை. தோளில் டிக்கெட் பையும் மடியில் சில்லறையும் இருக்கும்போது கூட்டத்துக்குள் நுழைவது அவர் தொழிலுக்கு ஆகாது.

“ஒண்ணு... ரெண்டு...”

அசையவில்லை.

“இன்னொரு தடவை! மூச்சைப் பிடிச்சு!”

ஒரு முனகல். ஓர் அடி. பின்னோக்கி அரை அடி. யாரோ சக்கரத்துக்கு அடியில் கல்லைச் செருகினார்கள். மறுபடி. இரண்டடி. ஐந்தடி. ஜிகினா ஸ்டியரிங்கை ஒடித்து வளைத்து மூக்கை வாசலுக்கு நேராக்கினார். “தம் கட்டு! தம் கட்டு!” என்று மைக்காரர் கட்டைக் குரலில் கத்திக்கொண்டே இருந்தார். ஐந்து ஐம்பத்து நான்கு. முன்சக்கரம் சரிவைத் தொட்டது. அதன் பிறகு வண்டி யாரையும் கேட்கவில்லை.

நிமிஷக்கா வண்டியோடு ஓடினார். கையெழுத்து இன்னும் போடவில்லை. ஓட்டுநரின் சன்னல் வழியாக ஜிகினா ட்ரிப் ஷீட்டை நீட்டினார். அவர் அதை வண்டியின் தகட்டின் மேலேயே வைத்து, ஓடிக்கொண்டே, பேனாவால் ஒரு இழுப்பு இழுத்தார்.

“நிறுத்திடாதீங்க! நின்னா மறுபடி செத்துடும்!”

“நிறுத்தறதா! பிரேக்கையே நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்!”

கியர் விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு கரும்புகைக் குடையை விரித்து, உயிர் பெற்றது. கூட்டத்தின் ஆரவாரத்தில் தூண்களிலிருந்த புறாக்கள் எல்லாம் மேலே எழும்பின.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம். நாற்பத்தொரு வருஷமாக அவர்களை வளர்த்தது அந்த நிலையம். வண்டி நகர்ந்தால் ஓட வேண்டும், ஓடினால் ஏற வேண்டும், ஏறிய பிறகுதான் மற்றதெல்லாம். பலகையைப் படித்துவிட்டு ஏறுகிறவனுக்கு அங்கே உட்கார இடம் கிடைத்ததில்லை. தள்ளிய கைகளுக்கு முன்னால் வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்ததும், மூளையைக் கேட்காமலே கால்கள் ஓடின. முன் படியிலும் பின் படியிலும் கொத்துக் கொத்தாகத் தாவினார்கள். செவிலியர்கள் ஏறினார்கள். பேராசிரியர் ஏறிவிட்டுக் கண்ணாடி மாட்டினார். ஏற இடம் கிடைக்காத வேடிக்கைக் கூட்டம் ஆரவாரத்தோடு வண்டிக்குப் பின்னாலேயே வளைவைத் தாண்டி ஓடியது. ஐந்து ஐம்பத்தாறுக்குத் தெற்கு வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டியது.

நிமிஷக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து எழுதிவிட்டு, திரும்பினார்.

நிலையம் காலி. மாலை ஆறு மணிக்கு அந்த நிலையத்தின் தரையை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அவர் இதுவரை பார்த்ததில்லை. மூலையில் நிதானம் தன் வண்டியை இயக்கி, கம்பீரமாக, தனக்கே உரிய நிதானத்தோடு முன்னால் கொண்டுவந்தார். கடைசி வண்டி. முகத்தில் அப்படியொரு பூரிப்பு. படியில் கண்டக்டர் மட்டும் பேயறைந்தாற்போல நின்றார்.

“அக்கா,” என்றார், “உள்ள ஆளே இல்ல.”

“என்னது?”

“நாப்பத்தாறு டிக்கெட் குடுத்தேன். நாப்பத்தாறு பேரும் தள்ளப் போனாங்க. நாப்பத்தாறும் மாப்பிள்ளை வண்டியில ஏறித் தெற்கே போயிட்டிருக்கு.”

மணி ஐந்து ஐம்பத்தேழு. நிதானத்தின் முகத்திலிருந்து பூரிப்பு வடிந்தது. “பாப்பா,” என்றார், “காலி வண்டின்னா...”

“சிவப்பு,” என்றார் நிமிஷக்கா.

அவர் சுற்றிலும் பார்த்தார். டீக்கடை பூட்டிக் கிடந்தது. வளைவுக்கு வெளியே கூட்டம் தெற்கு வண்டியின் பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்காது. “மைக்காரரே! இறங்கி வாங்க! வந்து வண்டியில ஏறுங்க!”

சன்னலில் தலை நீண்டது. “என் முழங்காலுக்கு அந்தப் படி மூணு நிமிஷம் ஆகும்மா! இப்பவே நான் உருண்டு வந்தாத்தான் உண்டு!”

ஐந்து ஐம்பத்தெட்டு. இயந்திரத்தின் ஓட்டுநர் தன் இருக்கையில் ஏறி அமர்ந்தார்.

நிமிஷக்கா ஒரு கணம் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

“ஒரு டிக்கெட் குடுங்க.”

கண்டக்டர் விழித்தார். “உங்களுக்குப் பாஸ் இருக்கே அக்கா. ஊழியருக்கு எதுக்கு டிக்கெட்டு?”

“பாஸை எண்ண மாட்டாங்க. டிக்கெட்டோட உள்ள இருக்கிற ஆளைத்தான் எண்ணுவாங்க. குடுங்கன்னா!”

“எங்க போகணும்?”

“இந்த வண்டி எங்கெல்லாம் போகுது?”

“இருபத்திரண்டு வருஷமா எழுதறீங்க, தெரியாதா?”

“முதல் நிறுத்தத்துக்குக் குடுய்யா!” என்று அவர் கத்தியதில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துவிட்டார். “பரவாயில்ல, ரெண்டும் இருக்கட்டும். அண்ணே, எடுங்க!”

நிதானம் எடுத்தார். எடுத்தவர், சரிவின் தலைப்பில் வழக்கப்படி பிரேக்கை மிதித்து, மெதுவாக இறங்க ஆயத்தமானார்.

“அண்ணே! இன்னிக்கு ஒரு நாள் பறங்கண்ணே!”

“பாப்பா, கீழ பள்ளம் இருக்கு.”

“நாளைக்கு அந்தப் பள்ளமே இருக்காது! மிதிங்க!”

வாழ்நாளில் முதல்முறையாக நிதானம் மிதித்தார். வண்டி சரிவில் விழுந்து, பள்ளத்தில் எகிறி, வளைவுக்கடியில் அம்பாகப் பாய்ந்தது. நிமிஷக்கா இருக்கையிலிருந்து ஓரடி எழும்பி உட்கார்ந்தார். மஞ்சள் கோடு பின்னால் போனது. கைக்கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தொன்பதும் கொஞ்சமும். பதிவேட்டை மடியில் விரித்து, ஆடிக்கொண்டே, நீல மையில் எழுதினார். வடக்கு. புறப்பாடு 5.59. பயணிகள் 1. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ரெண்டு டிக்கெட்டுக்கா” என்று நினைவூட்ட, ஒன்றை அடித்து இரண்டு என்று திருத்தினார்.

கால் மைல் தள்ளி நாற்சந்தியில் தெற்கு வண்டி எஞ்சின் ஓடியபடியே நின்றிருந்தது. அதற்குள்ளிருந்து நாற்பத்தாறு பேர் சன்னலைத் தட்டிக்கொண்டும், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டும், சிரித்துக்கொண்டும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜிகினா வாசலில் தொங்கியபடி கையை ஆட்டிக் கத்தினார். “மச்சான், உங்க சரக்கு எங்கிட்ட வந்திருச்சு! எடுத்துக்கங்க!”

நிமிஷக்காவின் தொலைபேசி அடித்தது. மேலாளர்.

“என்னம்மா ஆச்சு? எல்லா வண்டியும் வெளிய போயிடுச்சா?”

“போயிடுச்சு சார். எல்லாம் நீல மை.”

“அப்பாடா. என்ன அங்க ஒரே சத்தமா இருக்கு? நீ இப்ப எங்க இருக்கே?”

“வடக்கு வண்டியில சார்.”

“நீ ஏம்மா வண்டியில இருக்கே?”

அவர் கையிலிருந்த இரண்டு டிக்கெட்டையும் பார்த்தார்.

“பயணி சார்,” என்றார். “நாளைக்குக் காலையில இதே வண்டியில வந்து இறங்கறேன். அந்த நாற்காலியில மட்டும் யாரையும் உக்காரவிடாதீங்க.”